வேட்டியில் படியாத கறை

எனக்குப் பேச்சு வராது. மலையாள எல்லைப் பக்கம் முதலமடையில் ஒரு தோட்டத்துக்காரரின் மாங்காய் ஷெட்டில் தரம் பிரிக்கிற வேலை. நாள் முழுக்க ஆட்களுக்கு நடுவில்தான் நிற்கிறேன். ஆனாலும் வேலை விஷயம் தவிர வேறு பேச எனக்குக் கூச்சம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இதை எழுதச் சொன்னது என் மனைவி. "நம்மளாட்டவே யாராச்சும் பார்த்துட்டும் தெரியாம இருப்பாங்க. வாயில சொல்லத்தான் உங்களுக்கு வராது, எழுதவாச்சும் செய்யுங்க" என்றாள்.

விஷயம் எங்கள் பையனின் மலத்தைப் பற்றியது. எழுதும்போதும் கை கூசத்தான் செய்கிறது.

மூத்தவள் பத்தாம் வகுப்புக்குப் போன வருஷம் மனைவி மறுபடி உண்டானாள். எனக்கு வயது நாற்பத்தைந்து. ஷெட்டில் செய்தி தெரிந்ததும் லாரிக்காரர்கள் விடவில்லை. "பருவந்தப்பிப் பூத்திருக்குது, காய் நிக்குமாங்க?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

என் அம்மா இல்லை. மனைவிக்கும் அம்மா இல்லை. அதனால் பேறுகாலத்துக்கு அவள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே அவளையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டது அவளுடைய அண்ணி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய இரண்டு பிள்ளைகளையும் அவரே வளர்த்து ஆளாக்கியவர். கைராசிக்காரர் என்று அக்கம்பக்கத்தில் பெயர். பிள்ளையைக் குளிப்பாட்ட ஆளில்லாத வீட்டுக்காரர்கள் அவரைத்தான் வந்து கூப்பிடுவார்கள். மனைவியை அவரிடம் விட்டதில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாங்காய் சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்ப்பேன். மற்ற நாட்களில் போன்தான். பிள்ளையின் சேதி என்றால் பால் குடித்தானா, தூங்கினானா, வெளிக்கிப் போனானா, இவ்வளவுதான். பிறந்த ஆஸ்பத்திரியில் முதலில் கீல் மாதிரி கறுப்பாகப் போனான். அது வயிற்றுக்குள் இருக்கும்போதே சேர்ந்தது, போக வேண்டியதுதான் என்று அங்கே சிஸ்டர் சொன்னார். அப்புறம் கரும்பச்சை, அப்புறம் மஞ்சள். ஒருநாள் பச்சையாகப் போனதற்கு மனைவி கீரை தின்றதுதான் காரணம் என்று அக்கா திட்டினாராம். அதைச் சொல்லி இருவரும் போனில் சிரித்தார்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு மஞ்சளும் பச்சையும் மாறி மாறி வரும், பயப்பட வேண்டாம் என்று வீடு வீடாக வந்து பார்க்கும் சுகாதாரப் பணியாளர் ஆஷாவும் சொல்லியிருக்கிறார். ஆக, நிறத்தைப் பற்றி எங்கள் யாருக்கும் பயம் இல்லாமல் போயிற்று.

அக்கா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையை வெள்ளைத் துணியில் போட மாட்டார்கள். வெள்ளை, போனவர்களுக்கு உடுத்துவது. பழைய வேட்டி சேலைகளைக் கிழித்து, மஞ்சள் கரைத்த வெந்நீரில் முக்கி, நிழலில் உலர்த்தி, அதைத்தான் கோவணமாகக் கட்டுவார்கள், அதைத்தான் கீழேயும் விரிப்பார்கள். துவைத்துத் துவைத்து மஞ்சள் மங்கினால் மறுபடி முக்குவார்கள். நான் வாங்கிக்கொடுத்த டயபர் பொட்டலம் பிரிக்காமலே அலமாரியில் இருந்தது. அது சூடு என்பார் அக்கா. பிள்ளைக்கும் தினம் பயத்தமாவோடு மஞ்சள் தேய்த்துத்தான் குளியல்.

பிறந்ததும் வந்த மஞ்சள் காமாலைக்கு ஆஸ்பத்திரியில் விளக்கடியில் வைத்து அனுப்பியிருந்தார்கள். அதற்கப்புறமும் அவன் உடம்பில் ஒரு மஞ்சள் இருந்துகொண்டே இருந்தது. ஆஷா ஒருமுறை கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "இது மஞ்சள் தேச்சதா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க, இப்பத்தான் குளிக்க ஊத்துனேன்" என்றார் அக்கா. "மலம் மஞ்சள்தானே?" என்று கேட்டதற்கும் ஆமாம் என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. துணியில் மஞ்சளாகத்தானே தெரிந்தது.

பிள்ளைக்கு ஒரு மாதம் தாண்டிய பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மனைவி குளிக்கப் போயிருந்தாள். அக்கா பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "அப்பனும் மவனும் பேசிட்டிருங்க. ரெண்டு பேத்துக்குமே வாய் இல்ல, சண்டை வராது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

எட்டு மடிப்பு வைத்துத் தேய்த்த வெள்ளை வேட்டி கட்டியிருந்தேன். மாமனார் வழி வீட்டுக்குப் போகும்போது மட்டும் கட்டுவது. சற்று நேரத்தில் தொடையில் சூடாக நனைந்தது. அதன்பின் அவன் முகம் சிவக்க முக்கினான். கோவணம் விலகி எல்லாம் வேட்டியில்தான். எழவும் முடியாமல், கூப்பிடவும் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"அட என்ற சாமி, அப்பனுக்குச் சீர் குடுத்துட்டயா? வேட்டிய மறந்துருங்க தம்பி. பால்குடிப் புள்ள பீக்கறை, அந்தக் காசிக்குப் போனாலும் போகாது."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் குனிந்து பார்த்தேன். முதலில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஈரம் தெரிந்தது. அதன்மேல் கரைத்த சுண்ணாம்பு போல ஏதோ இருந்தது. சுண்ணாம்பில் துளி சாம்பல் கலந்தால் இருக்குமே, அப்படி. வேட்டிக்கும் அதற்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

மச்சானின் கைலியை வாங்கிக் கட்டிக்கொண்டேன். "வேட்டியக் குடுங்க, ஊற வெக்கறேன்" என்றார் அக்கா. வேண்டாங்க என்றேன். "ஏன், எங்க கையில தொவச்சா வெளுக்காதுங்களா?" என்று கேலி செய்தார். நான் சுருட்டிக் கேரி பேக்கில் போட்டுக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மனசில் என்னவோ உறுத்திற்று, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஷெட்டுக்குப் பின்னால் போய் வேட்டியை விரித்தேன். ஷெட்டுக்குள் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பதால் காயின் நிறம் அங்கே சரியாகத் தெரியாது. சந்தேகமான காயை வெயிலுக்கு எடுத்துவந்துதான் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் வெயிலில் விரித்தேன். மலம் காய்ந்திருந்தது. விரலால் தட்டியதும் மாவு போல உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் கறை இல்லை. கொஞ்சம்கூட இல்லை. சிறுநீர் பட்ட இடத்தில்தான் விளிம்பு கட்டிய அடர்ந்த மஞ்சள் கறை இருந்தது.

மூத்தவளுக்கு எங்கள் வீட்டில் வெறும் வெள்ளை வேட்டித் துணிதான். அம்மா அப்போது இருந்தாள். கொடியில் வரிசையாகக் காயும் துணிகளில் ஒவ்வொன்றிலும் கடுகு அரைத்துத் தடவியது போல ஒரு கறை இருக்கும். அவள் மூத்திரத்துக்கு நிறமே கிடையாது. இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. நிறம் வர வேண்டியதில் வரவில்லை, வரக் கூடாததில் வந்திருந்தது.

மனைவிக்குப் போன் செய்தேன்.

"பையன் ஆய் என்ன நிறத்துல போறான்?"

"மஞ்சத்தானுங்க. ஏனுங்க, ஷெட்டுல இன்னைக்கு வேலை இல்லீங்களா?"

"துணியில பார்த்துச் சொல்றயா?"

"துணியில பார்க்காம வேற எதுல பார்ப்பாங்க?" என்று சிரித்தாள்.

பக்கத்தில் ஆட்கள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எடுத்துக் காத்திருந்தேன். டாக்டர் மலையாளத்துக்காரப் பெண்மணி, தமிழும் பேசுவார். என் முறை வந்ததும், "குஞ்ஞு எங்கே?" என்றார். பிள்ளை இல்லாமல் பிள்ளை டாக்டரிடம் வந்த ஆள் நானாகத்தான் இருக்கும். கேரி பேக்கை மேசையில் வைத்தேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

"என்ன இது?"

"வேட்டிங்க. பையன்... இதுலதானுங்க..."

அவர் சிரிக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு வேட்டியை விரித்து, ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்தார். மூத்திரம் எந்த இடம் என்று கேட்டார். காட்டினேன். பிள்ளைக்கு எவ்வளவு நாள், கண் மஞ்சளாக இருக்கிறதா என்று கேட்டார். ஒரு மாதம் தாண்டிவிட்டது என்றேன். கண்ணைப் பார்த்ததில்லை. நான் போகும்போது பெரும்பாலும் அவன் தூங்கிக்கொண்டிருப்பான், நேற்றும் கண்ணைக் கவனிக்கவில்லை.

டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு முதலில் கறுப்பாகப் போகும், பிறகு பச்சை, மஞ்சள், சில நேரம் தவிட்டு நிறம்கூட வரும். அதெல்லாம் சாதாரணம். சிவப்பு வந்தால் காட்ட வேண்டும். முதல் சில நாட்களுக்கு அப்புறம் கறுப்பு வந்தாலும் காட்ட வேண்டும். வெள்ளையாகவோ சாம்பலாகவோ வந்தால் ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது. மலத்துக்கு நிறம் கொடுப்பது ஈரலில் இருந்து இறங்குகிற பித்தம். குழாய் அடைத்துக்கொண்டால் பித்தம் குடலுக்கு வராது, ரத்தத்தில் ஏறும். ஈரல் கெட ஆரம்பிக்கும்.

"அதுதான் என்று இப்போ சொல்ல முடியாது. வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் அதுவாக இருந்தால் ஆபரேஷன் வேணும். இரண்டு மாசத்துக்குள்ளே செய்தால் பலன் அதிகம். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நாளைக்கு அல்ல."

கடிதம் எழுதிக் கொடுத்தார். நான் நேராகக் கொழிஞ்சாம்பாறைக்கு ஓட்டினேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கோத்துக்கொண்டே போனேன். வாசலில் மச்சானைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"பையனக் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போகோணும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

எதற்கு என்று மச்சான் கேட்டார். திக்கித் திக்கிச் சொன்னேன். அக்கா அடுப்படியிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்த வெள்ளிக்கிழமைதான் நாற்பதாம் நாள் தீட்டுக் கழித்து, பிள்ளையைத் தொட்டிலில் போட நாள் பார்த்திருந்தார்கள். ஒரம்பரைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. அதுவரை தாயும் பிள்ளையும் வாசப்படி தாண்டுவதில்லை.

"மாப்ள, வெள்ளிக்கெழமை கழிச்சுட்டு சனிக்கெழமை காருலயே போலாம். நாலு நாள்ல என்ன ஆயிரப்போவுது?" என்றார் மச்சான்.

"பாலு செரிக்காம அப்படியே போவுது, அதுக்கு ஓமத்தண்ணி குடுத்தாப் போதும்" என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது. "இத்தன புள்ளைகளத் தண்ணி ஊத்தி எடுத்துவிட்ட கை தம்பி இது. என்ற கையில குத்தம்னு சொல்றீங்களா?"

அவர் மேல் குற்றம் இல்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லப் போனால் நோய் இல்லை என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

உள்ளறையில் இருந்த மனைவிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. பிள்ளையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். என் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை இழுத்துத் தரையில் விரித்தாள்.

"அம்மிணி, என்ன பண்ற? வெள்ளையில போட்றயா புள்ளைய?" என்று அக்கா பதறினார்.

"போட்டாத்தான் தெரியுமுங்க அண்ணி."

அங்கேயே சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். பால் குடித்ததும் போகிற வழக்கம் அவனுக்கு. கோவணத்தை அவிழ்த்துத் துண்டில் கிடத்தினாள். நடுப்பகல். மச்சான் பஞ்சாயத்து ஆளிடம் பேசுவது போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார். அக்கா உட்காரவில்லை. நாங்கள் நான்கு பேரும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் காலை உதைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். அப்போதுதான் அவன் கண்ணை நான் வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் எலுமிச்சைத் தோலாக இருந்தது.

பிறகு வந்தது. அதே சுண்ணாம்பு.

அக்கா குனிந்தார். முழங்காலில் உட்கார்ந்தார். விரல் நுனியால் தொட்டு, தன் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். மஞ்சள் துளிகூட ஒட்டவில்லை.

"நானு செரிக்காத பாலுன்னே நெனச்சனே" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. திடீரென்று எழுந்து மச்சானைப் பார்த்து, "மசமசன்னு நின்னுட்டு? காரச் சொல்லுங்க போங்க" என்று அதட்டினார். துணிமணி எடுத்துவைத்தது அவர்தான். கார் வந்ததும் பிள்ளையை மனைவியிடமிருந்து வாங்கி, வாசப்படியைத் தாண்டிக் கொண்டுபோனதும் அவர்தான்.

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் வண்டி நின்றபோது மனைவி மெதுவாக, "நீங்க போன்ல கேட்டப்ப நான் சிரிச்சுட்டனுங்க" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்சீட்டில் மச்சான் இருந்தார், இருந்தாலும் பிடித்துக்கொண்டேன்.

கோயமுத்தூரில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஈரலில் ஊசியால் துளி சதை எடுத்தார்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்பு பிள்ளையைப் பட்டினி போட வேண்டியிருந்தது. அவன் அழுகிறபோது மனைவியின் ரவிக்கை நனைந்துவிடும். அரசு டாக்டர் பயந்ததுதான். பித்தக்குழாய் இல்லை என்று சொல்லலாம், அவ்வளவு சுருங்கியிருந்தது. குடலில் ஒரு துண்டை எடுத்து நேராக ஈரலோடு சேர்த்துத் தைப்போம் என்றார் அறுவை டாக்டர். நன்றாகிவிடுமா என்று மச்சான் கேட்டார். சில பிள்ளைகளுக்குப் பித்தம் இறங்கும், சிலருக்கு இறங்காது, இறங்கினாலும் பின்னால் ஈரல் மாற்ற வேண்டி வரலாம் என்றார். மறைக்காமல் சொன்னார். கையெழுத்துப் போடும்போது என் பெயரையே ஒரு எழுத்து விட்டு எழுதினேன்.

ஆபரேஷனுக்கு அப்புறம் எங்களுக்கு ஒரே காத்திருப்புதான். நிறம் வர வேண்டும். வார்டில் மற்றவர்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, இருமல் நின்றதா என்று பார்ப்பார்கள். நாங்கள் டயபரைப் பார்த்தோம். குடிக்கக் கொடுக்க முடியாத நாட்களில் மனைவி பாலைப் பீய்ச்சிப் புட்டியில் சேர்த்தாள். மூத்தவள் பரீட்சை முடிந்து அக்கா வீட்டில் இருந்தாள். தினம் விடிந்ததும் அக்காவிடமிருந்து போன் வரும். வணக்கம் நலம் எதுவும் கிடையாது. "என்ன நெறமுங்க தம்பி?" அதுதான் முதல் கேள்வி. இன்னும் வரவில்லை என்பேன். "செரிங்க" என்று வைத்துவிடுவார்.

முதலில் மலம் கறுப்பாகப் போயிற்று. அது ஆபரேஷனின் பழைய ரத்தம் என்றார்கள். பின்பு வெளிறிய ஒன்று. மனைவி அன்று சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் காலை நர்ஸ் டயபரை மூடாமல் அப்படியே எங்களிடம் கொண்டுவந்தார். பாசிப் பச்சை. டாக்டரும் வந்து பார்த்துத் தலையசைத்தார். பித்தம் இறங்குகிறது என்றார். மனைவி அந்த டயபரைக் குப்பையில் போட விடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். வராந்தாவில் போகிறவர்கள் பார்த்தார்கள். நான் அக்காவுக்குப் போன் செய்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "பச்சைங்க அக்கா, நல்ல பச்சை" என்றேன். அந்தப் பக்கம் அக்கா அழுவது கேட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக எழுதி முடித்திருப்பேன். வீட்டுக்கு வந்த பின் ஒருமுறை காய்ச்சல் அடித்தது, அன்றே மலம் வெளிறியது. ஓடினோம். குடல் சேர்த்த இடத்தில் கிருமி என்று படுக்கவைத்து மருந்து ஏற்றினார்கள். நிறம் திரும்ப வந்தது. ஆனால் முன்பு இருந்த அளவு வரவில்லை என்று மனைவிக்கு ஒரு எண்ணம். எனக்கும் அந்த எண்ணம் உண்டு, நான் சொல்வதில்லை. கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறது. வயிறு கொஞ்சம் உப்பலாக இருக்கிறது. அது பால் குடித்ததாலா, ஈரலாலா என்று தடவிப் பார்த்து எங்களால் சொல்ல முடியாது.

இப்போது அவன் குப்புற விழுகிறான். குரல் கேட்டால் தேடுகிறான். சீசன் முடிந்து, மழை பிடித்து, நானும் வீட்டில்தான் இருக்கிறேன். இன்று காலை டயபரை மாற்றும்போது இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். எனக்கு மஞ்சளாகத் தெரிந்தது.

"மஞ்சத்தான?" என்றேன்.

"நீங்க ஆசைக்குச் சொல்றீங்க" என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "நேத்தைக்கு இருந்ததுதானுங்க. கொறையல" என்றாள்.

அவனைத் துடைத்து, நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. வியாழக்கிழமை மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.